பிறப்போடு வந்த காவல்: பி53 புரதமும் வன்னியில் புற்றுநோய்த் தடுப்பும்

(கிளிநொச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய வடிவம். மேடையில் இடையிடையே சொன்னவை சுருக்கப்பட்டுள்ளன. கேள்வி நேரத்தில் எழுந்த விடயங்கள் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே நமது வீடுகளில் தயங்குகிறோம். "அந்த வருத்தம்" என்கிறோம். வந்துவிட்டால் தலையெழுத்து என்று முடித்துக்கொள்கிறோம். இல்லையென்றால் "அவையின்ர பரம்பரையில இருக்கு" என்று சொல்லி, அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசவே பின்வாங்குகிறோம். இந்த இரண்டு எண்ணங்களும் நோயைவிட முந்திக்கொண்டு மனிதரைக் கொல்கின்றன. தலையெழுத்து என்று நம்புகிறவர் வைத்தியசாலைக்குப் பிந்தியே வருகிறார். பரம்பரைப் பழிக்கு அஞ்சுகிறவர் நோயை மறைக்கிறார்.

ஒரேயொரு புரதத்தின் கதையை வைத்து இவ்விரு எண்ணங்களுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். அதன் பெயர் பி53. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்கு எதிரான காவல் நம் ஒவ்வொருவருக்கும் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. மிகப் பெரும்பாலானோருக்கு அது பழுதின்றியே கிடைக்கிறது. பழுது பிற்பாடுதான் வருகிறது; பல ஆண்டுகள் எடுத்து, படிப்படியாக வருகிறது. நமது பகுதியை வருத்தும் முக்கியமான சில புற்றுநோய்களில் அது வரும் வழியும் தெரிந்த வழிதான். ஆகவே அந்தக் காவலைக் காப்பது மனிதரால் ஆகக்கூடிய காரியம். தனி மனிதரை விட ஓர் ஊர் சேர்ந்தால் இன்னும் நன்றாகச் செய்யக்கூடிய காரியம்.

இதை ஏழு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. குற்றவாளி என்று எண்ணப்பட்ட பத்தாண்டுகள்

குரங்குகளில் காணப்படும் எஸ்.வி.40 என்ற வைரசு, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் எலிக் கலங்களைப் புற்றுக் கலங்களாக மாற்றிவிடும். எப்படி மாற்றுகிறது என்று 1970களில் பல ஆய்வுகூடங்கள் தேடிக்கொண்டிருந்தன. 1979இல் இலண்டனில் டேவிட் லேனும் லயனல் குரோபோர்டும், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆர்னல்ட் லெவினும் டேனியல் லின்சரும் வைரசின் புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு புரதமும் வந்தது. அது வைரசுக்குச் சொந்தமானதாக இருக்கவில்லை. கலத்தின் சொந்தப் புரதமாக இருந்தது. வேறு சில குழுக்களும் அதே ஆண்டில் அதைக் கண்டன. ஆய்வுகூட அளவீட்டில் அதன் எடை 53,000 டால்ரன் அளவில் தெரிந்ததால் பி53 என்ற பெயர் நிலைத்தது. உண்மையான எடை 44,000க்கும் சற்றுக் குறைவு என்பது பின்னர் தெரியவந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை.

புற்றுக் கலங்களில் இந்தப் புரதம் நிறைந்து கிடந்தது. அதனால் இதுதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். பரிசோதனைகளும் அந்த முடிவுக்கு ஒத்துவந்தன. சிக்கல் எங்கே இருந்தது என்றால், அவர்கள் ஆய்வுக்கு எடுத்த பி53 பரம்பரையலகின் பிரதிகள் பல புற்றுக் கலங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. அவை ஏற்கெனவே விகாரமடைந்தவை.

1989இல் படம் மாறியது. பழுதற்ற பி53ஐக் கலங்களுக்குள் செலுத்தினால் அவை புற்றுக் கலங்களாக மாறுவது தடைப்படுகிறது என்று லெவின் குழு காட்டியது. அதே ஆண்டில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் புற்றுநோய்களை ஆராய்ந்தது. அக்கட்டிகளில் 17ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு அடிக்கடி காணாமற்போயிருந்தது. எஞ்சியிருந்த துண்டில் இருந்த பி53 விகாரமடைந்திருந்தது. குற்றவாளிக் கூண்டில் பத்தாண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தது உண்மையில் காவலாளி. 1992இல் லேன் அதற்கு மரபுத்தொகுதியின் காவலன் என்று பெயர் சூட்டினார். 1993இல் 'சயன்ஸ்' சஞ்சிகை அதை அந்த ஆண்டின் மூலக்கூறாகத் தெரிவு செய்தது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்த ஒரு பரம்பரையலகு பழுதாகியிருக்கிறது என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை.

2. காவல் எப்படி நடக்கிறது

பி53இன் பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தின் குறுகிய புயத்தில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதம் 393 அமினோ அமிலங்களின் கோவை. நான்கு மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து நாற்படியாக நின்றால்தான் அது முழு வலுவோடு இயங்கும். டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட எழுத்தொழுங்கு உள்ள இடங்களைத் தேடிப் பிடித்து, அங்குள்ள வேறு பரம்பரையலகுகளை இயக்கிவிடுவதே அதன் தலையாய தொழில்.

உடலின் ஒவ்வொரு கலத்திலும் பி53 எந்நேரமும் உருவாகிக்கொண்டிருக்கிறது. எந்நேரமும் அழிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. சாதாரண கலத்தில் ஒரு பி53 மூலக்கூறின் ஆயுள் அரை மணி நேரங்கூட நீடிப்பதில்லை. செய்வதும் அழிப்பதுமாக இது வீண் வேலைபோலத் தோன்றும். இரணைமடுவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென விளங்கும். வரத்து ஓடிக்கொண்டிருக்கும்போது துருசு திறந்திருந்தால் குளத்து நீர்மட்டம் ஏறாது. துருசை மூடினால் புதிதாக மழை பெய்யவேண்டிய தேவையில்லை; மட்டம் அந்தக் கணமே ஏறத் தொடங்கும். கலமும் இதைத்தான் செய்கிறது. கதிர்வீச்சாலோ நச்சுப்பொருளாலோ டி.என்.ஏ. இழை அறுந்தால், ஏ.டி.எம். முதலிய நொதியங்கள் விழித்துக்கொண்டு பி53இன் மீது பொசுபேற்றுத் தொகுதிகளை ஒட்டுகின்றன. எம்.டி.எம்.2இன் பிடி தளர்கிறது. அழிவு நின்றதும் பி53 விரைவாகக் கலத்தின் கருவுக்குள் திரள்கிறது.

திரண்ட பி53 சேதத்தின் அளவைப் பொறுத்து வேலை செய்கிறது. முதலில் பி21 என்ற புரதத்தை உருவாக்கச் செய்து கலப்பிரிவை நிறுத்துகிறது. பிரிவு நின்ற இடைவெளியில் பழுது பார்க்கும் நொதியங்கள் அறுந்த இழையைத் திருத்துகின்றன. திருத்தம் முடிந்தால் கலம் மீண்டும் தன் வழியே போகிறது. சேதம் திருத்த முடியாத அளவுக்குப் போயிருந்தால், இனி ஒருபோதும் பிரியாத முதுமை நிலைக்கு அந்தக் கலத்தைத் தள்ளுகிறது. அதுவும் போதாதபோது பாக்ஸ், பூமா முதலிய புரதங்களை எழுப்பி, கலத்தைத் தானே மடியச் செய்கிறது. மடிந்த கலத்தின் இடத்தை அயலிலுள்ள நல்ல கலங்கள் நிரப்புகின்றன. நாம் எதையும் உணர்வதில்லை. புற்றுநோயாக மாறியிருக்கக்கூடிய கலங்கள் நம் உடலில் இப்படிச் சத்தமில்லாமல் அகற்றப்படுகின்றன.

மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி53 இயக்கிவிடும் பரம்பரையலகுகளில் எம்.டி.எம்.2இன் பரம்பரையலகும் ஒன்று. தன்னை அழிக்கும் புரதத்தைத் தானே உருவாக்குகிறது. ஆபத்து நீங்கியதும் காவல் தானாகத் தணிவதற்கான ஏற்பாடு இது. இது எவ்வளவு அவசியம் என்பதை 1995இல் எலிகளில் செய்த பரிசோதனைகள் காட்டின. எம்.டி.எம்.2 இல்லாத எலிக் கருக்கள் பிறக்கும் முன்பே இறந்தன. பி53ஐயும் சேர்த்து நீக்கியபோது அவை பிழைத்தன. கட்டுப்பாடில்லாத காவலும் உயிரைக் கொல்லும்.

3. நமக்கு இரண்டு, யானைக்கு நாற்பது

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்குப் பி53 பரம்பரையலகின் இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. இது போதுமா என்ற கேள்விக்கு வன்னியில் வாழ்கிறவர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு விலங்கு பதில் வைத்திருக்கிறது.

யானையின் உடலில் நம்மைவிடப் பல மடங்கு கலங்கள் உண்டு. அறுபது எழுபது ஆண்டுகள் வாழக்கூடியது. கலம் கூடக்கூட, ஆயுள் நீளநீள, புற்றுநோயும் கூடவேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படி நடப்பதில்லை. விலங்கினங்களுக்கிடையே உடலின் பருமனுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை என்பதை 1970களில் ரிச்சர்ட் பீற்றோ எடுத்துக்காட்டினார். 2015இல் ஜோஷுவா ஷிஃப்மன் குழுவினர் யானைகளின் மரபுத்தொகுதியை ஆராய்ந்து, தாய் வழியும் தந்தை வழியும் சேர்த்து எண்ணினால் ஆபிரிக்க யானையில் பி53இன் பிரதிகள் குறைந்தது 40 இருப்பதையும் ஆசிய யானையிலும் பல பிரதிகள் இருப்பதையும் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பரிணாமத்தின் போக்கில் நகலெடுக்கப்பட்டுச் சேர்ந்தவை. யானையின் கலங்களின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தினால், மனிதக் கலங்களைவிட அதிக அளவில் அவை தாமாக மடிகின்றன. புற்றுநோயால் இறக்கும் யானைகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. மனிதரில் அது நூற்றுக்குப் பதினொன்று முதல் இருபத்தைந்து வரை.

யானைக்குக் கிடைத்த உபரிக் காவல் நமக்கு இல்லை. இரண்டே பிரதிகளுடன் எழுபது எண்பது ஆண்டுகள் வாழ வேண்டும். அந்த இரண்டை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

4. பரம்பரையில் வருவது எவ்வளவு

பி53 பழுதோடு பிறப்பவர்களும் உண்டு. 1969இல் பிரெடெரிக் லீ, ஜோசப் பிரவுமெனி என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், சில குடும்பங்களில் சிறு வயதிலேயே பலவகைப் புற்றுநோய்கள் தலைமுறை தலைமுறையாக வருவதைப் பதிவு செய்தார்கள். அக்குடும்பத்தவர்கள் பி53இன் ஒரு பிரதியைப் பழுதோடு பெற்றிருக்கிறார்கள் என்பது 1990இல் கண்டறியப்பட்டது. அத்தகையோர் 5,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்று மதிப்பிடப்படுகிறது. மிக அரிதான நிலை இது. மார்புப் புற்றுநோயில்கூட, பரம்பரையாக வந்த ஒற்றை விகாரத்தால் ஏற்படுபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான்.

எஞ்சியவர்களில் பழுது வாழ்நாளில் ஒரு கலத்தில் நிகழ்ந்து, அந்தக் கலத்தின் வழித்தோன்றல்களில் பெருகுகிறது. அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. வெற்றிலையும் புகையிலையும் போட்டு வாய்ப்புற்றுநோய் வந்த தகப்பனின் மகளுக்கு அந்த விகாரம் போவதில்லை. இதை இந்த மேடையில் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். புற்றுநோய் வந்த வீடு என்று ஒரு குடும்பத்தை ஒதுக்குவதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஒரே குடும்பத்தில் பலருக்கு மிக இளவயதில் புற்றுநோய் வந்திருந்தால், ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது அவர்களின் பாதுகாப்புக்கு உதவும்.

ஒரு பிரதி மட்டும் கெட்டாலும் ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பி53 நாற்படியாக வேலை செய்கிறது என்றேன். இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டால் உருவாகும் மூலக்கூறுகளில் பாதி கெட்டவை. எழுந்தமானமாக நான்கு நான்காகச் சேரும்போது, நான்கும் நல்லவையாக அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. கெட்ட மூலக்கூறு நல்லவற்றையும் முடக்கிவிடுகிறது. பிறகு இரண்டாவது பிரதியும் தொலையும்போது காவல் முற்றாக இல்லாமற்போகிறது.

5. பழுது வரும் வழிகள்

நம் மண்ணோடு தொடர்புள்ள மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது வாய் வழி. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது உதடு, வாய், தொண்டை ஆகியவற்றின் புற்றுநோய். வெற்றிலைத் தட்டம் நமது மரியாதையின் அடையாளம் என்பதை நான் அறிவேன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அதுதான் முதலில் வருகிறது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்களும், அருவி வெட்டுக் காலத்தில் வயலில் நிற்பவர்களும் பசியையும் அலுப்பையும் அடக்க வெற்றிலை சப்புகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்தக் கன்னத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

புகையிலையில் நைத்திரோசமைன்கள் இருக்கின்றன. பாக்கிலுள்ள அரெகொலினிலிருந்தும் அவ்வகைச் சேர்வைகள் உருவாகின்றன. சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயில் காரத்தன்மை ஏறி, டி.என்.ஏ.யைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் பிறக்கின்றன. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. ஆகவே "நான் பொயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்ற சமாதானம் நிற்காது. இளைஞர்களிடையே பரவியிருக்கும், பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவுக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

புகையின் கதை இன்னும் தெளிவானது. பி53இன் 393 அமினோ அமிலங்களில் 175, 245, 248, 249, 273, 282 ஆகிய ஆறு இடங்களில்தான் விகாரங்கள் மிக அதிகம் நிகழ்கின்றன. 1994இல் நிகோலா பவ்லெற்றிச் குழு பி53 டி.என்.ஏ.யைப் பற்றியிருக்கும் தோற்றத்தைப் படமாக்கியபோது காரணம் தெரிந்தது. 248, 273 ஆம் இடங்களிலுள்ள ஆர்ஜினின் இரண்டும் டி.என்.ஏ.யை நேரடியாகத் தொட்டுப் பிடிப்பவை. 175ஆம் ஆர்ஜினின், நாக அயனைச் சூழ்ந்த பகுதியின் வடிவத்தைத் தாங்கி நிற்பது. அவற்றில் ஒன்று மாறினாலும் பிடி விட்டுப்போகும். புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற பொருள் உடலில் மாற்றமடைந்து, பி53 பரம்பரையலகில் 157, 248, 273 ஆம் இடங்களிலேயே போய் ஒட்டுகிறது என்பது 1996இல் நிரூபிக்கப்பட்டது. நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி விகாரமடையும் இடங்களும் அவையே. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு ஒரு பரம்பரையலகின் தனி எழுத்துவரை பின்தொடரப்பட்டது.

மதுவும் இதில் கூட்டாளி. 1995இல் அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 129 பேரின் கட்டிகளை ஆராய்ந்தார்கள். புகையும் மதுவும் இரண்டும் பழகியோரில் 58 சதவீதத்தினரிடம் பி53 விகாரம் இருந்தது. புகை மட்டும் பழகியோரில் அது 33 சதவீதம். இரண்டையும் தொடாதோரில் 17 சதவீதம். சாராயம், கள்ளு, கசிப்பு எதுவாயினும் அதிலுள்ள அற்ககோல் உடலில் அசற்றல்டிகைட்டாக மாறி டி.என்.ஏ.யைத் தாக்குகிறது. 2013இல் இந்திய ஆய்வாளர்கள் முரசிலும் கன்னத்திலும் வரும் புற்றுநோய்களின் மரபுத்தொகுதியை வாசித்தபோது, அடிக்கடி பழுதாகியிருந்த பரம்பரையலகுகளில் பி53 முன்னின்றது.

இரண்டாவது வழி வைரசு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மனித பப்பிலோமா வைரசால் வருகிறது. இதைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே நடப்பது வேறு வகையான அழிவு. வைரசின் ஈ6 என்ற புரதம் கலத்தின் சொந்த நொதியம் ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பி53ஐ அழிவுக்கு அனுப்புகிறது. பரம்பரையலகு பெரும்பாலும் பழுதில்லாமலே இருக்கும். உருவாகும் புரதம்தான் உடனுக்குடன் அழிகிறது. வைரசை உள்ளே விடாவிட்டால் காவல் அப்படியே நிற்கும் என்பதே இதன் பொருள். அதற்கான தடுப்பூசி 2017 முதல் நமது பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. இந்நோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 ஆம் வகை வைரசுகளை அது தடுக்கிறது.

மூன்றாவது வழி பூஞ்சணம். கச்சானும் சோளமும் ஈரத்தோடு சேமிக்கப்பட்டால் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணம் பிடித்து அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அவித்தாலும் அது முழுமையாக நீங்காது. அந்த நஞ்சு ஈரலில் பி53இன் 249ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, ஆர்ஜினினைச் செரீனாக்கிவிடுகிறது. சீனாவின் சிடொங் பகுதியிலும் ஆபிரிக்காவின் தென் பகுதியிலும் ஈரல் புற்றுநோயாளரிடம் இதே விகாரம் திரும்பத் திரும்பக் காணப்பட்டதை 1991இல் இரு குழுக்கள் அறிவித்தன. ஈரல் அழற்சி பி வைரசும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். அதற்கான தடுப்பூசி 2003 முதல் நமது குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. வன்னியில் கச்சான் செய்பவர்கள் செய்யவேண்டியது எளிது. பிடுங்கிய கச்சானை நன்றாகக் காயவைக்க வேண்டும். மழையில் நனைந்த சாக்கில் கட்டி வைக்கக்கூடாது. பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய விதைகளைப் பொறுக்கி எறியவேண்டும். பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது, மாட்டுக்கு வைக்கவும் கூடாது. பாலிலும் அந்த நஞ்சு வரும்.

6. மருந்து வரும்வரை காத்திருக்கலாமா

கெட்டுப்போன காவலைத் திருப்பிக் கொடுக்க மருந்து இல்லையா என்று கேட்டீர்கள். நாற்பது ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் இது கடினமான கேள்வியாகவே இருக்கிறது. பல மருந்துகள், அளவுக்கு மீறி வேலை செய்யும் புரதத்தை அடக்குபவை. பி53இல் வேண்டியது அதற்கு நேர்மாறு. உருக்குலைந்த புரதத்தை மீண்டும் நிமிர்த்த வேண்டும், அல்லது இல்லாததைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சீனா 2003இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, நல்ல பி53 பரம்பரையலகை வைரசில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்தும் மருந்தை அங்கீகரித்தது. உலகின் ஏனைய பகுதிகளில் அது வழக்கத்துக்கு வரவில்லை. விகாரப் புரதத்தை நிமிர்த்த முயன்ற இன்னொரு மருந்து, 2020இல் இரத்த நோயொன்றுக்கான இறுதிக் கட்டப் பரிசோதனையில் எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. காவலை அளவுக்கு மீறித் தூண்டினாலும் ஆபத்து என்பதை எலிகளின் கதையில் பார்த்தோம். ஆய்வு தொடரவேண்டும். இந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளும் அதில் சேரவேண்டும். கடையில் விற்கும் ஏதாவது குளிசையோ மூலிகைத் தூளோ பி53ஐக் கூட்டித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

7. வன்னியில் செய்யக்கூடியது

காவல் ஒரே நாளில் போவதில்லை என்பதில்தான் நமது வாய்ப்பு இருக்கிறது. வாயில் புற்றுநோய் தோன்றுவதற்கு ஆண்டுகள் முன்பே பல வேளைகளில் அடையாளங்கள் தெரியும். கையிலே ஒரு ரோர்ச், சுவரிலே ஒரு கண்ணாடி இருந்தால் போதும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, வெற்றிலையை ஒதுக்கும் கன்னத்தின் உட்புறம், முரசு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்கைத் தூக்கிப் பிடித்து அதன் அடி ஆகிய இடங்களைப் பார்க்கவேண்டும். துடைத்தாலும் போகாத வெண்படலம், வெல்வெட்டுப்போலச் சிவந்த இடம், இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், கறி பட்டால் தாங்கமுடியாத எரிவு, கன்னம் இறுகி வாய் திறக்கக் கஷ்டம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் போகவேண்டும். நோவு இல்லை என்பதால் ஒன்றுமில்லை என்று எண்ணக்கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இருப்பதில்லை.

இது பலன் தரும் என்பதற்குச் சான்று வெளியில் தேட வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் நமது நாட்டின் மத்திய மாகாணத்தில், கிராமங்களிலும் தோட்டங்களிலும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 34 பேர் ஓராண்டில் 28,000 பேருக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள். சமன் வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் அதை 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பணியாளர்கள் கண்டது பெரும்பாலும் சரியாக இருந்தது. மேற்பரிசோதனைக்கு வரச் சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே வந்தார்கள் என்பதுதான் கவலைக்குரிய செய்தி. கேரளத்தின் திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வு 2005இல் வெளியானது. அங்கே புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே இப்படி வாயைப் பார்த்துவந்ததால் வாய்ப்புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மனிதக் கண்ணாலும் ரோர்ச் வெளிச்சத்தாலும் இவ்வளவு முடியும். முடியாமற்போவது போக்குவரத்தாலும், ஒரு நாள் கூலியை இழக்கும் பயத்தாலும், தனியே வைத்தியசாலை போகத் தயங்கும் முதியவர்களின் தனிமையாலும். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்து திரட்டிய பணத்தால் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் எழுந்தது. அது இருக்கிறது. அங்கே நம்மவர்களைக் காலத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது நமது பொறுப்பு.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு நாளை வாய்ப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி ஒழுங்குசெய்யுங்கள். அன்று சந்தேகத்துக்குரியவர் என்று குறிக்கப்பட்டவரைத் தனியே விடாதீர்கள். அவரோடு யார் வைத்தியசாலைக்குப் போவது, பஸ் காசு யார் கொடுப்பது என்பதை அன்றே தீர்மானியுங்கள். தரம் 6 இல் மகள் இருக்கும் தாய்மாரே, தடுப்பூசிக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். 35 வயதைத் தாண்டிய பெண்களே, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் அழைக்கும்போது போய்வாருங்கள். வீட்டு விசேடங்களை நடத்துகிறவர்களே, வெற்றிலைத் தட்டம் வையுங்கள். அதில் பாக்கும் புகையிலையும் வேண்டாம். மரியாதைக்கு வெற்றிலையே போதும்.

மாணவர்களே, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. இந்த மண்ணின் புற்றுநோய்களில் எந்த எழுத்து மாறுகிறது என்று வாசிக்கும் வேலையை வெளியிலிருந்து யாரோ வந்து செய்வதற்காகக் காத்திருக்காதீர்கள்.

பிறப்போடு வந்த காவல் உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. இன்றிரவு வீட்டில் வெற்றிலை போடும் ஒருவரின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். ஆறாத புண்ணோ துடைக்க முடியாத படலமோ கண்டால், வைத்தியசாலைக்கு நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.